அப்பிச்சி வீட்டுக் கைத்துப்பாக்கி கோடிக்குப் போகுமா?

கேள்வி: காங்கயம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். அம்மாவின் பிறந்த வீடு அறச்சலூர் அருகே. அப்பிச்சி காலமான பிறகு அந்த வீட்டைப் பாகம் பிரிக்கிறோம். பெட்டகத்தில் துணி சுற்றி வைத்த பழைய கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி உள்ளே வைத்துவிடுவார்கள். தீரன் சின்னமலை எங்கள் முன்னோர் ஒருவரிடம் கொடுத்து வைத்தது என்று அம்மிச்சி சொல்வார். அதில் சிங்க முத்திரையும் 18 என்ற எண்ணும் தெரிகின்றன. அடுத்த இரண்டு எண்கள் துருவில் போய்விட்டன. 1801 ஆக இருக்குமா? குழல் 9 அங்குலம். குதிரை என்கிற அடிக்கும் உறுப்பை இழுத்தால் ஏறி நிற்கிறது, வில்லும் உயிரோடு இருக்கிறது. பிடியின் கழுத்தில் விரிசலுக்குப் பித்தளைத் தகடு சுற்றி ஆணி அடித்திருப்பது கவலையாக இருக்கிறது. ஈரோட்டுத் தரகர் ஒருவர், 2 கோடிக்குப் போகும், வெளிநாட்டில் ஆள் இருக்கிறது, முதலில் சோதனைச் செலவுக்கு 50,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமன் மகன், பஃபிங் போட்டு நிக்கல் முலாம் பூசினால் விலை ஏறும் என்கிறான். என்ன செய்யலாம்? அப்பிச்சியின் அண்ணன் இரண்டாம் உலகப் போருக்குப் போனவர். அவருடைய ரிவால்வர் ஒன்றும் அதே பெட்டகத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து விற்கலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: அந்த 50,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மாமன் மகனிடம் பஃபிங் சக்கரத்தை வேறு வேலைக்கு ஓட்டச் சொல்லுங்கள். இந்த இரண்டும் நடக்காமல் இருந்தாலே கடிதம் எழுதிய பலனில் பாதி உங்களுக்குக் கிடைத்துவிடும்.

விலை பேசுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தாக வேண்டும். குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் ஒருமுறை மருந்தும் குண்டும் போட்டுவிட்டால், அதைச் சுட்டுத் தீர்ப்பதுதான் எளிது. வெளியே எடுப்பது தொல்லை. அதனால் சுடாமலே பெட்டியில் வைத்து மறந்துபோன துப்பாக்கிகள் இன்றும் கிடைக்கின்றன. கருமருந்து ஈரம் படாமல் கிடந்தால் நூறு ஆண்டு கழித்தும் பற்றும். குதிரையைத் தொடாமல், வாய் யார் பக்கமும் திரும்பாமல், மேசை மேல் படுக்க வைத்து, மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைக் குழலுக்குள் மெதுவாக நுழையுங்கள். முட்டும் இடத்தில் குச்சியில் பேனாவால் கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். குச்சி குதிரை அடிக்கும் இடம் வரை போயிருந்தால் குழல் காலி. ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது வெறும் தூசிக் கட்டியாக இருக்கலாம், கெட்டித்த மருந்தாகவும் இருக்கலாம். தோண்டிப் பார்க்க வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுபோய் வெல்டிங் வைப்பது, சூடு காட்டுவது, துளை போடுவது எல்லாம் உயிருக்கே உலை. அப்படியே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இனி அந்தத் துருப்பிடித்த ஆண்டு. அந்த இரண்டு எண்களும் நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. துப்பாக்கியின் மற்ற உறுப்புகளே பதில் சொல்லிவிடுகின்றன.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழலின் பின்முனையில் வலப்பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குமிழ் நிற்கிறது. நடுவில் ஊசித் துளை. குதிரையின் முகம் உட்குழிந்து, அந்தக் குமிழை மூடியபடி உட்காருகிறது. இது தாமிரக் கேப், அதாவது தட்டினால் வெடிக்கும் மருந்து அடங்கிய சிறு தொப்பி, வைத்துச் சுடும் வகை. பர்கூர், கொல்லிமலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி பிடித்த பெரியவர்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சின்னமலை காலத்துத் துப்பாக்கியாக இருந்தால் அந்த இடத்தில் குமிழ் இருக்காது. மருந்து தூவும் சிறு கிண்ணி ஒன்று, குதிரையின் தாடையில் கவ்விய சக்கிமுக்கிக் கல், கல் உரசித் தீப்பொறி சிதற எதிரே ஓர் எஃகுத் தகடு, இவை மூன்றும் இருக்கும்.

தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை பெற்றது 1807-இல். தாமிரக் கேப் அதற்கும் பிறகு வந்தது. பிரிட்டிஷ் தரைப்படை இந்த முறைக்கு மாறத் தொடங்கியதோ 1830-களின் கடைசியில். சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31. இந்தக் கணக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒத்துவராது.

பழைய கல் துப்பாக்கியைப் பின்னாளில் கேப்புக்கு மாற்றியிருக்கலாமே என்று உங்கள் மாமன்மாரில் ஒருவராவது கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அப்படி மாற்றியவை ஏராளம் உண்டு. ஆனால் மாற்றினால் தடம் இருக்கும். கிண்ணியும், எஃகுத் தகட்டின் வில்லும் பிடித்திருந்த திருகாணித் துளைகளை அடைத்தாக வேண்டும். இரும்பு வைத்து அடைத்து எவ்வளவு அரம் போட்டாலும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் வட்டமாகத் தெரியும். உங்கள் துப்பாக்கியின் பூட்டுத் தகட்டில், அதாவது குதிரையும் வில்லும் பொருத்திய பக்கத் தகட்டில், ஒரு வட்டம்கூட இல்லை. இது பிறக்கும்போதே கேப்புத் துப்பாக்கி.

கடைசிச் சாட்சி அந்தச் சிங்கம். பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களில் கிரீடம் ஏந்திய சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். துப்பாக்கிகளில் அது ஏறியது 1808 வாக்கில்தான். அதற்கு முந்தைய கம்பெனித் துப்பாக்கிகளில் நாலு கட்டமாகப் பிரித்த இதய வடிவமும், அதற்குள் கம்பெனியின் முதலெழுத்துகளும் இருக்கும். பூட்டில் பார்னெட், வில்சன் என்று செய்து கொடுத்தவரின் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். கம்பெனி ஆட்சி 1858-இல் முடிந்தது. கேப் முறையையும் கம்பெனிச் சிங்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், 18-க்கு அடுத்த எண் 4 அல்லது 5. உங்களிடம் இருப்பது கம்பெனிக் குதிரைப்படையினர் சேணத்தில் தொங்கும் உறையில் வைத்திருந்த கைத்துப்பாக்கி. நீங்கள் அளந்து எழுதிய 9 அங்குலக் குழலும், பித்தளைப் பூணும், மருந்தைக் குழலுக்குள் இடிக்கும், கீலில் ஆடும் கெட்டிக்கோலும், பிடியின் அடியில் உள்ள வளையமும் எல்லாம் அதற்கே பொருந்துகின்றன. குதிரை மேல் இருப்பவன் கெட்டிக்கோலைத் தவறவிட்டால் இறங்கியா தேடுவான்? அதனால்தான் அதைக் கழற்ற முடியாமல் கீல் வைத்துக் கட்டினார்கள்.

அந்த எண்களை அரித்தது எது என்பதும் படத்திலேயே தெரிகிறது. பூட்டுத் தகட்டின் மற்ற இடமெல்லாம் வழுவழுப்பான பழுப்பு. ஆண்டு வெட்டிய இடத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குப் பொரிந்த பள்ளம். ஓரத்தில் இன்னும் சிவப்பு ஒட்டியிருக்கிறது. ஆண்டுதோறும் ஒரே இடத்தில் ஈரச் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் வைத்து, துடைக்காமல் துணி சுற்றி மூடியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் பொட்டு விழுந்திருக்கிறது. சேகரிப்பாளரின் கணக்கில் அது குறை. தெளிவான ஆண்டு இருந்தால் கொடுக்கும் விலையை அவர் இதற்குக் கொடுக்க மாட்டார். எனக்கென்னவோ அந்தப் பள்ளம் பிடித்திருக்கிறது. அதை நிரப்பிவிடாதீர்கள். வரும் ஆயுத பூஜைக்குப் பொட்டைப் பெட்டகத்தின் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மிச்சியிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. அவர் பொய் சொல்லவில்லை. சின்னமலை கோட்டை கட்டிய ஓடாநிலையும் அறச்சலூரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, வீட்டில் உள்ள பழைய ஆயுதம் சின்னமலையிடம் போய்ச் சேர்வது இயல்பு. அதற்கு முன்பு வேறொரு ஆயுதம் அந்த வீட்டில் இருந்து, அது போன பிறகு கதை மட்டும் இதில் வந்து ஒட்டியிருக்கவும் இடமுண்டு. அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்து, யார் சொல்லி அவர் கேட்டார் என்பதையும் எழுதி வையுங்கள். அது குடும்பத்துக்கு ஆவணம். விலைக்கு ஆதாரம் ஆகாது.

உண்மையிலேயே அந்தக் காலத்து ஆயுதம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் நாளைக்கு வேறொருவர் வீட்டில் பார்க்கும்போது உதவும். 1790 செப்டம்பரில் சத்தியமங்கலத்தில் திப்புவின் படையோடு மோதிய கர்னல் ஃப்ளாய்டின் குதிரைப்படை வைத்திருந்தவையெல்லாம் கல் துப்பாக்கிகள். மைசூர்ப் பட்டறைகளில் செய்தவை என்றால் திப்புவின் புலிக்கோடு எங்காவது ஓடும். அவர் வகுத்த மவ்லூதி ஆண்டின் எண்களை வலமிருந்து இடமாக வெட்டியிருப்பார்கள். பிரெஞ்சுக் குதிரைப்படையின் 1777-ஆம் ஆண்டு மாதிரிக்குக் குழலின் கீழே முன்கட்டையே கிடையாது. பூட்டுப் பகுதி முழுவதும் பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும். கொங்கு நாட்டில் 1790 முதல் 1805 வரை நடந்த சண்டைகளில் எந்தக் கை எந்தத் துப்பாக்கியைப் பிடித்தது என்று தேடுகிறவர்கள் இந்த வகைகளில்தான் தேட வேண்டும்.

சரி, இதன் மதிப்பு என்ன? சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது, படையில் கொடுத்த நாளில் இருந்த உறுப்புகள் இன்னும் இருக்கின்றனவா என்பதை. உங்கள் நான்காவது படத்தில் பூட்டைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளில் ஒன்றின் தலை கறுத்து, வெட்டுக் குறுகலாக இருக்கிறது. மற்றது பளபளக்கிறது, வெட்டு அகலம். பிந்தையது எங்கோ கடையில் வாங்கியது. உங்கள் மாமன் மகனுக்கு இங்கே ஒரு வேலை தரலாம். துப்பாக்கியைத் தொடாமல் படத்தை மட்டும் பார்த்து, அந்தத் தலை எந்தக் காலத்துத் திருகாணியின் தலை என்று சொல்லச் சொல்லுங்கள். பின்னால் கழற்றும்போது மில்லிமீட்டர் மரை என்று தெரிந்தால், அந்தத் திருகாணி பிரிட்டிஷ் ஆயுதப் பட்டறையில் பிறந்ததே அல்ல. கணபதியில் பட்டறை வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எப்போதாவது தேர்ந்தவர் ஒருவர் பூட்டைக் கழற்றினால், உள் உறுப்புகளிலும் திருகாணிகளிலும் அரத்தால் போட்ட சிறு கீறல் அடையாளங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். ஒரு துப்பாக்கிக்கு என்று கூட்டிய உறுப்புகளுக்குப் பட்டறையில் ஒரே அடையாளம் போட்டிருப்பார்கள்.

பிடியின் கழுத்தில் விரிசலுக்குப் பித்தளைத் தகடு சுற்றி ஆணி அடித்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆணித் தலையும் தகடும் மற்றப் பித்தளையைப் போலவே கறுத்திருப்பதால் அது பழைய காலத்துப் பழுது. புழக்கத்தில் இருந்த துப்பாக்கி என்பதற்கு அது சாட்சி. பழைய பழுதைப் பொறுத்துக்கொள்ளும் சேகரிப்பாளர் புதிய பாலிஷைப் பொறுக்க மாட்டார்.

அதனால்தான் பஃபிங் வேண்டாம் என்கிறேன். முத்திரையை உளியால் அடிக்கும்போது உலோகம் ஒதுங்கி எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வரம்பு எழும்பும். எழுத்தின் அடியில் ஒன்றரை நூற்றாண்டு அழுக்கு கறுத்துக் கிடக்கும். சுற்றுலாத் தலங்களில் விற்கும் போலிகளில் டவர் என்ற லண்டன் ஆயுதக் கிடங்கின் பெயரும் கிரீடமும் வார்ப்போடு சேர்ந்து வந்திருக்கும். ஓரம் மழுங்கி, அடி பளிச்சென்று இருக்கும். அந்த வரம்பும் அந்தக் கறுப்பும்தான் அசலைப் போலியிலிருந்து பிரிக்கின்றன. பஃபிங் சக்கரம் இரண்டையும் அரை நிமிடத்தில் எடுத்துவிடும். தகட்டின் கூர் விளிம்புகள் உருண்டுவிடும். குழலில் ஏற்றியிருந்த பழுப்பு நிறம் போய்விடும். அதன் மேல் நிக்கலும் பூசினால், அசல் துப்பாக்கியைக் காசு கொடுத்துப் போலியாக்கிய கதைதான். பித்தளைக்குப் புளி போடுவதும் அதே ரகம். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்; பொங்கலுக்குக் குத்துவிளக்கோடு இதையும் சேர்த்துத் துலக்கிவிடப் போகிறார்.

அடுத்தது அடையாளம். விசையைச் சுற்றிய வளையக் காப்பிலும் பிடியின் அடியில் உள்ள பித்தளைத் தொப்பியிலும் எண்ணோ எழுத்தோ குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். படைப்பிரிவின் குறி கிடைத்தால் அது எந்த ஊரில் முகாமிட்டது, எந்தப் போருக்குப் போனது என்று சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேட வழி பிறக்கும். சாதாரணத் துப்பாக்கிக்குக் கணிசமாக விலை கூட்டுவது அதுதான். உங்கள் படங்களில் அந்தப் பக்கம் வரவில்லை.

அரிய பொருளா என்றால், இல்லை. கம்பெனிப் படைக்கென்று இவற்றை மொத்தமாகச் செய்து கப்பலில் இறக்கினார்கள். 2003-இல் நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து கம்பெனிக் காலத் துப்பாக்கிகளை அமெரிக்க வணிகர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிப் போன பிறகு, அதுவரை அரிதாக இருந்த சில மாதிரிகள் அங்கே தாராளமாகக் கிடைக்கத் தொடங்கின. லண்டன் ஏலங்களில் இந்த வகைக் கேப்புக் கைத்துப்பாக்கி நடுத்தர நிலையில் சில நூறு பவுண்டுகளுக்குப் போகும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நல்ல ஜோடிக் காளை பிடிக்கும் பணம்கூடத் தேறாது. இங்கே சட்டப்படி வாங்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. ஆகவே சந்தை விலை என்று ஒன்றைச் சொல்வதே கடினம்.

அப்படியானால் அந்த 2 கோடி எங்கிருந்து வருகிறது? செய்தித்தாளிலிருந்து வருகிறது. 2023 மே மாதம் லண்டனில் திப்புவின் வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. 2024 ஜூலையில் நெப்போலியனின் இரண்டு கைத்துப்பாக்கிகள் பிரான்சில் 16 லட்சத்து 90 ஆயிரம் யூரோவுக்குப் போயின. இரண்டும் உண்மைச் செய்திகள். அவற்றைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு தரகர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். நெப்போலியன் துப்பாக்கிகளுக்கு அந்த விலை வந்த காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். 1814-இல் பதவி பறிபோனபோது அவற்றால் தன்னை மாய்த்துக்கொள்ள நினைத்த பேரரசர், பிறகு தன் அதிகாரி கோலன்கூருக்குக் கொடுத்தார். அவர் வாரிசுகளின் கையில் தலைமுறைகளாக இருந்தவை அவை. கை மாறிய வழி துலக்கமாகத் தெரிகிறது. துப்பாக்கியின் வேலைப்பாடும் அதே காலத்தைச் சொல்கிறது. கதையும் இரும்பும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. உங்கள் துப்பாக்கியில் முரண்படுகின்றன. ஏலத்துக்கு முன்பு பிரெஞ்சு அரசு அவற்றைத் தேசியச் சொத்தாக அறிவித்து, நாட்டை விட்டு வெளியே போகத் தடை போட்டதையும் தரகர் சொல்லியிருக்க மாட்டார்.

நம் நாட்டிலும் அதே கதைதான். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மத்திய அரசோ அது அங்கீகரித்த அமைப்போ மட்டுமே அனுப்பலாம். தொல்பொருள் வாங்கி விற்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். ஆகவே வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களைக் கடத்தலுக்குக் கூப்பிடுகிறார். அல்லது ஆளே இல்லை. இருவரில் இவர் இரண்டாவது வகை. விற்பவனிடமே முன்பணம் கேட்கும் வாங்குபவன் எந்தத் தொழிலிலும் இல்லை. கோபுரக் கலச இரிடியம், அரிசி இழுக்கும் செம்பு, ஈமு கோழி எல்லாம் பார்த்த வட்டாரம் நம்முடையது. இதற்கு மேல் நான் விளக்கினால் உங்களுக்கே கோபம் வரும்.

சட்டம் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிரிவு 45-இல் ஒரு விலக்கு இருப்பது உண்மை. வழக்கொழிந்த மாதிரியாகவோ தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ பழுதானதாகவோ இருந்து, துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத ஆயுதத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அந்த வாசகத்துக்குள் ஒரு முள் இருக்கிறது: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். உங்களுடையதில் குதிரை ஏறி நிற்கிறது, வில் உயிரோடு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மருந்தும் கேப்பும் கிடைத்தால் சுடக்கூடிய நிலை. சேலம், தருமபுரி மலைகளில் காவல்துறை ஒப்படைக்கச் சொல்லும் நாட்டுத் துப்பாக்கிகளும் இதே முறையில் இயங்குபவைதான். இது விலக்குக்குள் வருமா வராதா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது.

அப்பிச்சி பெயரிலோ அவர் அப்பா பெயரிலோ உரிமம் ஏதாவது இருந்ததா என்று பழைய காகிதங்களைத் தேடுங்கள். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலிருந்தே உரிமம் வழங்கி வந்திருக்கிறார்கள். சிவப்பேறிய பழைய உரிமப் புத்தகம், வரி ரசீதுகளுக்கு நடுவில் மடித்த காகிதம், எது கிடைத்தாலும் இரட்டை லாபம்: சட்டப்படி உங்களுக்குக் காப்பு, சேகரிப்புப்படி துப்பாக்கிக்குப் பிறப்புச் சான்று. பிறகு வழக்கறிஞர் ஒருவரை வைத்து ஈரோடு மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். இன்னின்ன பொருள் பாகம் பிரிக்கும்போது கிடைத்தது, வாரிசுகள் இன்னார், பரிசோதித்து முடிவு சொல்ல வேண்டுகிறோம் என்று எழுதினால் போதும். அதிகாரி சொல்லும் வரை துப்பாக்கி அங்கேயே இருக்கட்டும். மதிப்பீடு செய்ய என்று என்னிடம் கோவைக்குப் பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டு வந்துவிடாதீர்கள். கேட்பது தப்பில்லை, கொண்டு வருவதுதான் தப்பு.

ரிவால்வருக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. படத்தில் தெரிவது வெப்லி மார்க் 6. குழலை முன்னால் மடக்கினால் தோட்டாக் கூடுகள் தாமாக வெளியே எழும் வகை, ஆண்டு 1917. நூறு ஆண்டு கடந்துவிட்டதே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தொல்பொருள் சட்டத்தின் நூறு ஆண்டுக் கணக்கு ஆயுதச் சட்டத்தில் செல்லாது. இது இன்றைக்கும் சுடும். படை முறைப்படி விற்றுக் கழித்த ஆயுதத்தில் இரண்டு அம்புக்குறிகள் முனையோடு முனை முட்டி நிற்கும். இதில் ஒற்றை அம்புதான் இருக்கிறது. வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் அற்றுப்போனாலும், தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது பிரிவு 21. இன்றே வழக்கறிஞரோடு பேசி, காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து ஒப்படையுங்கள். எழுத்துமூலம் ரசீது கேட்டு வாங்குங்கள். பெட்டகத்தில் தோட்டா இருந்தால் அதையும் எண்ணிக்கை எழுதி ஒப்படைக்க வேண்டும். இதன் சேகரிப்பு மதிப்பைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதப் போவதில்லை.

கைத்துப்பாக்கி உங்களிடமே இருக்கலாம் என்று முடிவானால், சுற்றிய துணியை மாற்றுங்கள். கம்பளியும் தோலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய, சாயம் போன பருத்தி வேட்டித் துண்டு போதும். இரும்புப் பகுதியில் தையல் மிஷின் எண்ணெயை ஒரு சொட்டு துணியில் தொட்டு மெல்லத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுக்காக உறையும், வேண்டாம். வெறும் விரலால் தொட்டால் வியர்வையின் உப்பு துருவுக்கு விதை போடும். வைத்துக்கொள்ள மனமில்லை என்றால் ஈரோடு அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதைப் பற்றியும் மனுவிலேயே கேட்கலாம். கம்பெனிப் படை இந்த மண்ணில் என்ன வைத்திருந்தது என்று நம் பிள்ளைகள் நேரில் பார்க்க ஒரு வழி.

பாகப் பத்திரத்தில் இதைச் சேர்க்கத்தான் வேண்டும். "சின்னமலை துப்பாக்கி" என்று எழுதிவிடாதீர்கள். மதிப்பைப் பற்றி உடன்பிறந்தவர்களுக்குள் பின்னால் வழக்கு வர அந்த ஒரு வரி போதும். "கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்க முத்திரையுள்ள கேப் வகைக் கைத்துப்பாக்கி ஒன்று, குழல் சுமார் 9 அங்குலம், பித்தளைப் பூண், பிடியில் பழைய பித்தளைக் கட்டு, ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் அழிந்தவை" என்று எழுதுங்கள். அம்மிச்சி சொல்வதை "குடும்ப வழக்கு" என்று குறிப்பிட்டு அடுத்த வரியில் தனியாக எழுதலாம். ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவின் எண்ணையும், பொருள் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் அதற்குக் கீழே சேர்த்து, எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.